66 வயது அம்மா ஹிட் சர்க்கிட் வகுப்புக்குப் போகலாமா?

வெள்ளவத்தை மகள்

அம்மாவுக்கு 66, ஓய்வு பெற்ற ரீச்சர். மூன்றாம் மாடி ஃபிளட், லிஃப்ட் இருக்கிறது, வேலை செய்கிற நாட்களில். பிரெஷரும் கொலஸ்ட்ரோலும் உண்டு, அடினோலோல், லொசார்டன், இரவில் அடோவாஸ்டடின் எடுக்கிறார். இவ்வளவு காலமும் விடிய எழும்பி மெரீன் டிரைவில் நடப்பார், நடப்பதைவிட வழியில் கதைப்பதுதான் கூட. போன மாதம் பக்கத்து ஃபிளட் அன்ரி இழுத்துக்கொண்டு போய் ஒரு பெண்கள் ஜிம்மில் சேர்த்துவிட்டார். அங்கே ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று ஹிட் சர்க்கிட் நடக்கிறது. ஹிட் (HIIT) என்றால் கொஞ்ச நேரம் கடும் வேகம், கொஞ்ச நேரம் ஓய்வு என்று மாறி மாறிச் செய்கிற கடும் இடைவெளிப் பயிற்சி. எட்டு இடத்தில் எட்டுப் பயிற்சி, ஒவ்வொன்றும் 40 விநாடி, பிறகு 20 விநாடி ஓய்வு, அப்படியே மூன்று சுற்று. கதிரையில் இருந்து எழும்புவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, படியில் ஏறி இறங்குவது, ரப்பர் பட்டி இழுப்பது, ஜம்பிங் ஜாக், இப்படிப் போகிறது.

அம்மாவுக்கு வகுப்பு நல்ல விருப்பம். என் தலையிடி இரண்டு. ஒன்று, போன வியாழன் வீட்டுக்கு வரும்போது முகம் வெளிறி, கை சில்லென்று இருந்தது, கதிரையில் இருந்து கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. மற்றது, அந்தப் பயிற்சியாளர் பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்து 220இல் வயதைக் கழி, அதில் 85 சதவீதம், ஆகவே 131க்குத் துடிப்பு வரவேண்டும் என்கிறாள். அம்மாவின் கடிகாரம் 112ஐத் தாண்டுவதில்லை. "அன்ரி, நீங்கள் முயற்சி செய்யவில்லை" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லியிருக்கிறாள். வெளிநாட்டில் இருக்கிற தம்பி உடனே நிறுத்தச் சொல்லிக் கத்துகிறான், அம்மா நிறுத்தமாட்டேன் என்கிறார். யார் சொல்வது சரி?

நடைராஜா

தம்பி சொல்வதுதான் சரி, தங்கச்சி. இந்த வயதில் குதித்துப் பாய்ந்து என்ன ஒலிம்பிக்குக்கா போகப்போகிறா? பழைய மொரிஸ் மைனர் காரைக் கொண்டுபோய்க் கடுகண்ணாவை ஏற்றத்தில் முழு வேகத்தில் ஏற்றினால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நடை போதும். சுதந்திர சதுக்கத்தில் விடிய ஐந்தரைக்கு வந்து பாருங்கள், எண்பது வயது ஆட்களும் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள், ஒருவரும் மயங்கி விழவில்லை.

பிசியோ தெகிவளை

பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அதனால் நீளமாக எழுதுவேன், மன்னிக்கவும்.

முதலில் அந்த 112. உங்கள் அம்மா எடுக்கிற அடினோலோல் ஒரு பீட்டா புளொக்கர். இதயத் துடிப்பு ஏறுவதை அடக்குவதுதான் அதன் வேலை. அந்த மாத்திரையில் இருப்பவர் எவ்வளவு பாடுபட்டாலும் துடிப்பு இருபது, முப்பது குறைவாகவே நிற்கும். ஆகவே 112 என்பது அம்மா சோம்பலாக நிற்கிறார் என்பதற்கு அடையாளம் இல்லை, மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். இதைப் பயிற்சியாளருக்குச் சொல்லாமல் விட்டால் அவள் இன்னும் தள்ளுவாள், அங்கேதான் ஆபத்து.

மாத்திரை இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கை அவ்வளவு நம்ப முடியாது. 66 வயதுக்கு 220 கணக்குப்படி உச்சத் துடிப்பு 154. 2001இல் வந்த தனாக்கா சூத்திரம் என்கிற இன்னொரு கணக்கில் போட்டால் 162 வரும். 2010இல் சிக்காகோவில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை ட்ரெட்மில்லில் ஏற்றிப் பார்த்துப் பெண்களுக்கென்றே ஒரு சூத்திரம் போட்டார்கள், 206இல் வயதின் 0.88 மடங்கைக் கழிப்பது, அதில் 148தான் வரும். ஒரே பெண்ணுக்கு மூன்று எண். இதில் எதை வைத்து அவரை எல்லோருக்கும் முன்னால் ஏசுவது?

மூச்சை வைத்துப் பாருங்கள். செய்துகொண்டே முழு வசனம் கதைக்க முடிந்தால் அது மிதமான வேகம். இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வராமல் மூச்சு எடுக்க வேண்டியிருந்தால் அதுதான் கடும் வேகம், எவ்வளவு கஷ்டம் என்று பத்துக்குப் புள்ளி போட்டால் ஏழு, எட்டு. ஒரு சொல்லும் வராவிட்டால் அளவுக்கு மிஞ்சிவிட்டது. கடும் வேகம் ஆளுக்கு ஆள் வேறு. உங்கள் அம்மாவுக்குப் படியில் கொஞ்சம் வேகமாக ஏறுவதே கடும் வேகமாக இருக்கலாம், இருபது வயதுப் பிள்ளைக்கு அது ஒன்றுமே இல்லை. குதித்தால்தான் ஹிட் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

இப்போது ஒரு கேள்வி. முகம் வெளிறியது பயிற்சி செய்துகொண்டு இருக்கும்போதா, முடிந்த பிறகா? அந்த நேரத்தில் எந்தப் பயிற்சியில் நின்றார்? விடிய ஏதாவது சாப்பிட்டாரா? நெஞ்சு இறுக்கம், தாடை நோ, முதுகு நோ, ஓங்காளம் ஏதாவது இருந்ததா?

படிக்கட்டு மாமி

நடைராஜா தம்பி, எனக்கு 63. மொரிஸ் மைனர் இல்லை. நான் செய்கிறேன், செய்கிற ஆள் கதைப்பதையும் கேளுங்கோ.

ஜிம் ஒன்றுக்கும் போவதில்லை, மகள் ஃபோனில் ஒரு டைமர் போட்டுத் தந்திருக்கிறாள். சாப்பாட்டு மேசைக் கதிரையைச் சுவரோடு சேர்த்து வைப்பேன், வழுக்காமல் இருக்க. அதில் இருந்து எழும்பி இருப்பது, கையைத் தொடையில் ஊன்றாமல். அப்புறம் சுவரில் தள்ளுவது. அப்புறம் நின்ற இடத்தில் முழங்காலை உயர்த்தி நடப்பது, கையையும் வீசி. பிறகு இரண்டு தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்கும் குசினிக்கும் வேகமாகப் போய் வருவது. கால் வேலை ஒன்று, கை வேலை ஒன்று என்று மாற்றி மாற்றித்தான் வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் தொடை எரிகிறதே தவிர மூச்சு ஏறுவதில்லை. 30 விநாடி செய்து 30 விநாடி சும்மா உலாத்துவேன். ஓய்வில் இருக்கமாட்டேன், இருந்தால் பிறகு எழும்ப மனம் வராது.

பெண்கள் யாரும் எழுதமாட்டீர்கள் என்று தெரியும், நானே எழுதுகிறேன். மூன்று பிள்ளை பெற்ற ஆளுக்கு ஜம்பிங் ஜாக் சொன்னால் என்ன நடக்கும்? சிறுநீர் கசியும். அதற்கு வெட்கப்பட்டே எத்தனையோ பேர் வகுப்பை விட்டிருக்கிறார்கள், கேட்டால் முழங்கால் நோ என்பார்கள். குதிக்காமல் பக்கத்துக்குப் பக்கம் கால் வைத்துக் கையை உயர்த்தினால் அதே மூச்சு வாங்கும். அந்தப் பயிற்சியாளர் பிள்ளைக்கு இன்னும் பிள்ளை குட்டி இல்லை போல.

பிசியோ தெகிவளை

மாமி, இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்கமாட்டேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கசிவு வயதோடு வருவது, சகித்துக்கொள்ள வேண்டியது என்று நினைக்க வேண்டாம். சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்குகிற இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சியால் பெரும்பாலோருக்குக் குறையும், பெண் பிசியோ ஒருவரிடம் கேளுங்கள்.

வெள்ளவத்தை மகள்

அம்மாவை உட்காரவைத்து விசாரித்தேன், ரீச்சரை விசாரிப்பது லேசான வேலை இல்லை. நெஞ்சு நோ, தாடை நோ, ஓங்காளம் ஒன்றும் இல்லையாம். செய்துகொண்டு இருக்கும்போது நன்றாகத்தான் இருந்தாராம். கடைசிச் சுற்று முடிந்தவுடன் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்துக் குரூப் ஃபோட்டோ எடுப்பார்களாம், பேஸ்புக்கில் போட. ஒருவர் கண்ணை மூடிவிட்டார் என்று திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். அதில் நிற்கும்போதுதான் கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். விடிய ஒரு பிளேன்ரீ மட்டும்தான் குடித்தாராம், வெறும் வயிற்றில் செய்தால் கொழுப்புக் கரையும் என்று பக்கத்து ஃபிளட் அன்ரி சொன்னாவாம்.

பிசியோ தெகிவளை

நான் எதிர்பார்த்த பதில் இதுதான். கடும் வேகத்தில் செய்யும்போது காலில் இரத்தக் குழாய்கள் நன்றாக விரிந்திருக்கும், கால் தசை சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டு இருக்கும். சடாரென்று நிறுத்தி அசையாமல் நின்றால் அந்தத் தள்ளல் நின்றுவிடும், இரத்தம் காலில் தேங்கும், பிரெஷர் இறங்கும். லொசார்டன், அடினோலோல் எடுப்பவருக்கு இது இன்னும் கூட. அதோடு வெறும் வயிறு, கொழும்பின் புழுக்கத்தில் வியர்வை வேறு. கண் இருட்டாமல் என்ன செய்யும்?

ஆகவே முடிந்தவுடன் ஐந்து நிமிடமாவது மெதுவாக நடக்க வேண்டும். தொடங்கும்போதும் அப்படியே, ஐந்து பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கித்தான் வேகத்துக்குப் போக வேண்டும். நிலத்தில் படுத்துச் செய்கிற பயிற்சிக்கும் நின்று செய்கிறதுக்கும் இடையே அவசரமாக மாறி மாறி ஓட வைக்கக் கூடாது, எழும்பும்போது தலைசுற்றும். கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பாரம் தள்ளும்போது மூச்சை அடக்கக் கூடாது, பிரெஷர் உச்சத்துக்குப் போகும்.

ஆனால் ஒன்று, நான் இதை ஃபோனில் பார்த்துச் சொல்கிறேன். பிரெஷர் உள்ள 66 வயதுப் பெண் ஒருவருக்கு ஒரு தடவை கண் இருட்டியிருக்கிறது என்றால் அடுத்த வகுப்புக்கு முன்னால் டொக்டரிடம் போய் ஈசிஜி எடுத்து, தேவை என்றால் ட்ரெட்மில்லில் நடக்கவைத்து எடுக்கிற எக்ஸர்சைஸ் ஈசிஜியும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். செய்துகொண்டு இருக்கும்போதே கண் இருட்டியிருந்தால் நான் இவ்வளவு அமைதியாக எழுதமாட்டேன்.

நடைராஜா

சரி, மாமியிடம் வாய் கொடுக்கப் பயம், படிப்போடு வருகிறேன். நோர்வேயில் துரொன்ஹைமில் 70 முதல் 77 வயது வரையான 1567 பேரை ஐந்து வருடம் பின்தொடர்ந்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள். ஒரு குழு வாரம் இரண்டு தடவை கடும் இடைவெளிப் பயிற்சி, ஒரு குழு வாரம் இரண்டு தடவை 50 நிமிடம் மிதமான பயிற்சி, மூன்றாவது குழுவிடம் நாட்டின் பொது வழிகாட்டலின்படி நடந்துகொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். 2020இல் பிஎம்ஜே என்கிற மருத்துவ சஞ்சிகையில் முடிவு வந்தது. பயிற்சி கொடுத்த இரண்டு குழுவையும் சேர்த்துப் பார்த்தால் இறந்தவர்கள் 4.5 சதவீதம், சும்மா விட்ட குழுவில் 4.7. வித்தியாசமே இல்லை! இதற்கா இவ்வளவு வியர்வை?

பிசியோ தெகிவளை

நல்ல ஆராய்ச்சியை எடுத்திருக்கிறீர்கள் அண்ணா, மற்றப் பாதியையும் சொல்ல வேண்டும். கடும் பயிற்சிக் குழுவில் இறந்தவர்கள் 3 சதவீதம், மிதமான குழுவில் 5.9. ஆனால் அந்த வித்தியாசத்தை உறுதி என்று அடித்துச் சொல்கிற அளவுக்கு எண்ணிக்கை இல்லை, ஆகவே ஹிட் செய்தால் ஆயுள் கூடும் என்று நான் யாருக்கும் விற்கமாட்டேன். சும்மா விட்ட குழுவும் சும்மா இருக்கவில்லை, அந்த ஊர் எழுபது வயது ஆட்கள் பனியில் சறுக்கித் திரிகிறவர்கள், கடும் பயிற்சியைத் தாங்களாகவே செய்தவர்களும் அதில் இருந்தார்கள். நம்முடைய அம்மாமாரோடு ஒப்பிட முடியாது.

உறுதியாகச் சொல்லக் கூடியது வேறு. உடம்பு ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஒட்சிசனைப் பயன்படுத்த முடிகிறது என்கிற அந்த அளவு, அதாவது படியேறிப் பையோடு மூன்றாம் மாடிக்கு மூச்சுத் திணறாமல் போவதற்கான பலம், கடும் இடைவெளியில் மிதமான நடையைவிட வேகமாக ஏறுகிறது. 2007இல் அதே துரொன்ஹைமில் சராசரி 75 வயதுள்ள இதயச் செயலிழப்பு நோயாளர்களை வைத்துச் செய்தார்கள், 27 பேர்தான், சின்ன ஆராய்ச்சி. நான்கு நிமிடம் வேகம், மூன்று நிமிடம் மெதுவாக, அப்படி நான்கு தடவை. அந்த அளவு 46 சதவீதம் ஏறியது, மிதமான குழுவில் 14. உங்களுக்கு வியப்பாக இருக்கும், அவர்கள் ஓடவில்லை, ட்ரெட்மில்லைச் சரிவாக்கி நடந்தார்கள்.

பெண்களுக்கு இது ஏன் கூடுதலாக வேண்டும் என்றால், மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் குறைய, கெட்ட கொலஸ்ட்ரோல் ஏறும், இரத்தக் குழாய் விறைக்கும், வயிற்றுக்குள் கொழுப்புச் சேரும். இதயம் நன்றாகச் சுருங்குகிறது, ஆனால் விரிந்து நிரம்ப மறுக்கிறது, இப்படியான இதயச் செயலிழப்பு வயதான பெண்களிடம்தான் கூடுதலாக வருகிறது. அமெரிக்காவில் டாலஸில் இரண்டு வருடம் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, அதில் வாரம் ஒரு நாளாவது மேலே சொன்ன அந்த நாலு நிமிடம் நாலு தடவை வரும், 45க்கும் 64க்கும் இடைப்பட்டவர்களின் இதயத்தின் விறைப்புக் குறைந்தது, 2018இல் வெளியானது. அதே ஆராய்ச்சியாளர்கள் முன்பு 65ஐத் தாண்டியவர்களுக்கு ஒரு வருடம் பயிற்சி கொடுத்தபோது பலம் ஏறியது, இதயத்தின் விறைப்பு அவ்வளவாக மாறவில்லை. ஆகவே ஐம்பதில் இருக்கிறவர்கள் அம்மாவுக்காக மட்டும் இதைப் படிக்க வேண்டாம்.

ஆபத்தைப் பற்றி: நோர்வேயில் மூன்று இதய மறுவாழ்வு நிலையங்களில் 4846 நோயாளர்களின் கணக்கைப் பார்த்தார்கள். மிதமான பயிற்சியில் ஏறக்குறைய 1,29,000 மணி நேரத்தில் ஒரு மரணம். கடும் பயிற்சியில் ஏறக்குறைய 46,000 மணி நேரத்தில் இரண்டு தடவை இதயம் நின்றது, இருவரும் பிழைத்தார்கள். குறைவுதான், ஆனால் மேற்பார்வையில், உதவி பக்கத்தில் இருக்கும்போது எடுத்த கணக்கு. பிழைத்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஜிம்மில் முதலுதவி தெரிந்த ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

படிக்கட்டு மாமி

நடைராஜா தம்பி, நடக்கிறதை விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நடந்துகொண்டு இருக்கும்போது இடையில் ஒரு விளக்குக் கம்பத்தில் இருந்து அடுத்த கம்பம் வரை கதைக்க முடியாத வேகத்தில் போங்கோ, பிறகு இரண்டு கம்பத்துக்கு ஆறுதலாக. அதுவும் இதேதான். முயற்சி செய்துவிட்டு வந்து எழுதுங்கோ.

கொட்டாஞ்சேனை மருமகள்

என் மாமியாருக்கு 70, சீனி வருத்தம், கிளிக்ளசைடும் மெட்ஃபோர்மினும் எடுக்கிறார், காலில் உணர்வு குறைந்து விறைப்பு இருக்கிறது. யூடியூபில் 20 விநாடி செய்து 10 விநாடி ஓய்வு எடுக்கிற தபாத்தா ஒன்றைப் பார்த்துவிட்டு அதைச் செய்யப் போகிறேன் என்று நிற்கிறார். விடலாமா? எங்கள் வீட்டில் இடமும் இல்லை, ஒழுங்கை முழுக்க மோட்டார்சைக்கிள், மாடிப்படிதான் இருக்கிறது.

பிசியோ தெகிவளை

தபாத்தா வேண்டாம். 1996இல் ஜப்பானில் அதை வைத்துப் பரிசோதித்தது இளம் விளையாட்டு மாணவர்களை, அதுவும் உடம்பின் உச்ச அளவையும் தாண்டிய வேகத்தில். பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒட்டுகிறார்கள். மாடிப்படி நல்லது, ஆனால் கால் விறைப்பு உள்ளவருக்கு இறங்கும்போது படி தெரியாது, ஏறுவது வேகமாக, இறங்குவது கைபிடியோடு மெதுவாக. அதைவிடக் கதிரை நல்லது.

கிளிக்ளசைட் சீனியை இறக்குகிற மாத்திரை. பயிற்சிக்கு முன் குளுக்கோமீட்டரில் பார்க்கட்டும், சீனி குறைவாக இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்கட்டும், கையில் குளுக்கோஸ் அல்லது இரண்டு ரொபி இருக்கட்டும். சீனி இறங்குவது பின்னேரம் வரை கூட வரலாம். வெறுங்காலோடு செய்ய வேண்டாம், வீட்டுக்குள் என்றாலும் சப்பாத்து, முடிந்தபின் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், கொப்புளம் வந்தாலும் அவருக்கு நோகாது. கண் கிளினிக்கில் விழித்திரையில் இரத்தக்கசிவு என்று எப்போதாவது சொல்லியிருந்தால் பாரம் தூக்குவதும் மூச்சடக்குவதும் கூடவே கூடாது, கண் டொக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

சீனி வருத்தம் உள்ள பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சு நோவே இல்லாமல் வரலாம். வழமைக்கு மாறான களைப்பு, மூச்சு முட்டல், தாடையோ முதுகோ நோதல், ஓங்காளம், குளிர் வியர்வை. வாய்வு என்று சொல்லி ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்கவைப்பதுதான் நம் வீடுகளில் நடப்பது. 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், ஓட்டோ தேடி ஓட வேண்டாம்.

வெள்ளவத்தை மகள்

டொக்டரிடம் போய் வந்தோம். ஈசிஜி, எக்கோ என்கிற இதய ஸ்கான், ட்ரெட்மில் ஈசிஜி மூன்றும் பார்த்தார்கள், பயப்பட ஒன்றும் இல்லை, செய்யலாம், 40 விநாடியை 30 ஆக்கி ஓய்வையும் 30 ஆக்கச் சொன்னார். வாரத்துக்கு இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது விட்டு, மற்ற நாளில் நடை. பயிற்சியாளர் பிள்ளையிடம் மாத்திரை விஷயத்தை எழுதிக் கொடுத்தேன், உண்மையாகவே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை, இப்போது எல்லோரிடமும் என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுகிறாளாம். அம்மா போக முதல் ஒரு வாழைப்பழம் சாப்பிடுகிறார். தம்பிதான் இன்னும் கோபம்.

இரண்டு சந்தேகம். செலவு பார்க்கிறவர்கள் இந்தப் பரிசோதனையை எங்கே செய்வது? மற்றது, அம்மா இப்போதே "பிரெஷர் இறங்கினால் மாத்திரையைக் குறைக்கலாம்தானே" என்று தொடங்கிவிட்டார்.

பிசியோ தெகிவளை

பிரெஷர், சீனி, நிறை பார்ப்பதற்கு அரச வைத்தியசாலைகளில் உள்ள ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களுக்குப் போகலாம், 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவசம். அங்கே சந்தேகம் வந்தால் மேலே அனுப்புவார்கள். ஈசிஜியும் அரச வைத்தியசாலையில் எடுக்கலாம், நேரம்தான் போகும்.

மாத்திரையில் கை வைக்க வேண்டாம். முக்கியமாக அடினோலோலைச் சடுதியாக நிறுத்தினால் துடிப்பும் பிரெஷரும் திருப்பி அடிக்கும், நெஞ்சு நோவே வரலாம். பயிற்சி ஒழுங்காகப் போனால் பிரெஷர் கொஞ்சம் இறங்குவது உண்மைதான், அதனால் வீட்டில் ஒரே நேரத்தில், இருந்து ஆறுதல் எடுத்துவிட்டுப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி அடுத்த கிளினிக்குக்குக் கொண்டு போங்கள், குறைப்பதா என்று அவர்கள் பார்ப்பார்கள். விடியப் பார்க்கும்போது 180க்கு 110 என்று நின்றால் அன்றைக்கு வகுப்பு இல்லை, டொக்டருக்குச் சொல்லுங்கள். காய்ச்சல், தடிமன், வயிற்றோட்டம் இருந்தாலும் இல்லை.

நடைராஜா

விளக்குக் கம்பம் செய்து பார்த்தேன். மாமி, இரண்டு கம்பத்துக்கு ஆறுதல் போதாது, மூன்று வேண்டும்.

படிக்கட்டு மாமி

மூன்று எடுங்கோ தம்பி. அடுத்த மாதம் இரண்டாக்குங்கோ.